முத்துப்பேட்டை அலையாத்தி திட்டம்: மதிப்பீடு செய்ய யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. 2018 கஜா புயலுக்குப் பிறகு முத்துப்பேட்டைப் பக்கம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்து அலையாத்தி (மாங்குரோவ்) கன்று நட்ட ஒரு திட்டத்தை மதிப்பீடு செய்யும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. கன்றுகளைப் பார்ப்பது எளிது. மீன்முள் வடிவ வாய்க்காலில் கடல்நீர் ஏறி இறங்கினால் செடி தழைத்திருக்கும், சேறு அடைத்த இடத்தில் பட்டுப்போயிருக்கும். இளைஞர்கள் விஷயம்தான் சிக்கல். சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கிறது. திட்டத்துக்கு முந்தைய கணக்கெடுப்பு மட்டும் இல்லை! பயிற்சி பெற்றவர்களில் பலர் இப்போது திருப்பூரில். அது வெற்றியா, தோல்வியா? புயல் எச்சரிக்கை வந்தால் ஊரில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று கேட்கலாமா? திட்டம் நடக்காத பக்கத்து ஊரோடு ஒப்பிடுவது சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கேள்வித்தாள் மாதிரி இருந்தால் அதையும் அனுப்புங்கள், அடுத்த மாதம் களத்துக்குப் போகிறோம்.