மடலாடற்குழு நடத்துவோர் கவனத்துக்கு: சொல்லாமல் மௌனமாகிவிடும் உறுப்பினர்கள்

ஒருவர் எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் அனைவருக்கும் செல்லும் எங்கள் மடலாடற்குழுவைச் சொந்த வழங்கியில் (சர்வரில்) மெயில்மேன் 2.1 என்ற குழுமடல் மென்பொருள் கொண்டு நடத்திவந்தபோது, வழக்கமாக மறுமொழி எழுதும் மூத்த உறுப்பினர்கள் சிலர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஓர் இழையில் கடுமையான வாக்குவாதம் நடந்திருந்ததால், மனத்தாங்கலில் ஒதுங்கிவிட்டார்கள் என்றே பலரும் எண்ணினார்கள். அவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மடல் வருவதே நின்றுவிட்டதே, என்னை ஏன் நீக்கினீர்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார். நாங்கள் அவர் கோபித்துக்கொண்டதாக நினைக்க, அவரோ நாங்கள் அவரை விலக்கிவிட்டதாக நினைத்திருக்கிறார்.

நிர்வாகப் பக்கத்தில் அவருடைய முகவரிக்கு நேரே மடல் நிறுத்தக் கட்டத்தில் குறியும், அதனருகே 'பி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. மடல்கள் திரும்பி வந்ததால் மென்பொருள் தானாகவே விநியோகத்தை நிறுத்தியிருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அவருடைய முகவரியில் குறை எதுவும் இல்லை. குழுவில் அடிக்கடி எழுதும் வேறோர் உறுப்பினரின் மின்னஞ்சல் சேவை, தன் பெயரில் வரும் போலி மடல்களைத் தடுக்கும் டிமார்க் முறையில், சோதனையில் தேறாத மடலை 'நிராகரி' என்ற கொள்கையை அறிவித்திருந்தது. அவர் எழுதிய மடலின் தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் விலகுவதற்கான குறிப்பையும் எங்கள் வழங்கி சேர்த்தவுடன், மடல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகிம் என்ற மின்கையொப்பம் செல்லாததாகிவிட்டது. அனுப்பும் வழங்கியும் அவருடைய சேவைக்கு உரியது அன்று என்பதால், டிமார்க் கொள்கையைச் சரிபார்க்கும் சேவைகள் அந்த மடலைப் போலி என்று கருதித் திருப்பி அனுப்பின. எழுதியவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மடல் திரும்புவதற்காக மெயில்மேன் குறித்துவைக்கும் புள்ளி, பெற வேண்டியவர்களின் கணக்கில்தான் ஏறியது. ஒரே நாளில் எத்தனை மடல்கள் திரும்பினாலும் மெயில்மேன் ஒரு புள்ளிதான் சேர்க்கும். இயல்பான அமைப்பில் 5 புள்ளிகள் ஆனதும் விநியோகம் நின்றுவிடும்.

2.1.18 பதிப்பில், இத்தகைய கொள்கை உள்ள முகவரிகளுக்கு மட்டும் அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைக்கும் வசதி உண்டு. அதை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது. தலைப்பையும் மடலின் உடலையும் தொடாமல் அனுப்புவது இன்னொரு வழி. விலகும் முகவரியைக் கண்ணுக்குத் தெரியாத மடல் தலைப்புவரிகளில் வைக்க 1998ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2369 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இடமளிக்கிறது. எதைத் தேர்ந்தாலும், விநியோகம் நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலை வாரந்தோறும் பார்ப்பது நிர்வாகியின் முதற்கடமை என்பேன். மட்டுறுத்தலுக்கு (நிர்வாகியின் ஒப்புதலுக்கு) காத்திருக்கும் மடல்கள் தாமே கண்ணில் படும், இவர்கள் படமாட்டார்கள்.

மறுமொழி:

ஐயா, அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைக்கும், நீங்கள் சொன்ன அதே மாற்றத்தை எங்கள் குழுவில் நாங்களும் செய்தோம். அதையொட்டி வந்த இன்னொரு சிக்கலை இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் குழுவில் மறுமொழி முகவரியாகவும் குழுவே அமைக்கப்பட்டிருந்தது. எழுதியவரின் முகவரி நகல் (Cc) வரிசைக்குப் போய்விட, தனிமடல் எழுத விரும்பியவர்கள் 'மறுமொழி' பொத்தானை அழுத்தி எழுதியவை குழு முழுவதற்கும் சென்றன. ஓர் உறுப்பினர் தம் உடல்நிலையைப் பற்றி நண்பருக்கு மட்டும் எழுதிய மடல், அப்படித்தான் எல்லோருடைய அஞ்சற்பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் கேட்டுக்கொண்டதும் ஆவணக் காப்பகத்திலிருந்து நீக்கினோம்; சென்று சேர்ந்த மடல்களைத் திரும்பப் பெற வழியில்லை.

அதன்பின் மறுமொழி எழுதியவருக்கே செல்லுமாறு மாற்றினோம். இதனால் பயனுள்ள விடைகள் பல தனிமடல்களாகவே நின்றுவிடுகின்றன, காப்பகமும் மெலிகிறது. ஆயினும் விடை ஒன்று குழுவுக்கு வராமல் போனால் மறுபடி கேட்டு வாங்கிவிடலாம் என்பதால், இந்த அமைப்பையே தொடர்கிறோம்.