பாட்டி காலத்து சிங்கர்: டேபிள் ஆக்கலாமா, தைக்க விடலாமா?

ஓசூர்க்காரன்:
பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பாட்டியின் சிங்கர் 15கே மிதி தையல் மிஷின் கிடக்கிறது, சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. மிதி இருக்கிற இரும்பு ஸ்டாண்டுக்கு பெயின்ட் அடித்து, கிருஷ்ணகிரியில் கிரானைட் பலகை வெட்டி மேலே போட்டு டேபிள் ஆக்கப் போகிறேன். ஹெட்டை, அதாவது மேலே தைக்கிற பாகத்தை, எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

காவேரிப்பட்டணம் டெய்லர்:
தம்பி, எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். 15கே என்றால் ஸ்காட்லாந்தில் சிங்கரின் கில்போவி தொழிற்சாலையில் செய்தது, அந்தத் தொழிற்சாலையையே 1980ல் மூடிவிட்டார்கள். சக்கரம் சுற்றாததற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். மிஷின் ஆயில் தீர்ந்தால் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவார்கள், அது வருஷக்கணக்கில் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆயில் துளைகளிலும் அடியில் பாபின் உட்காரும் ஷட்டிலைச் சுற்றியும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள், முரட்டுத்தனமாகத் திருப்பக் கூடாது. ஷட்டிலில் பழைய நூல் சுற்றியிருந்தாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். தின்னர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், தங்கநிறப் பூவேலை கரைந்துவிடும்.

ஓசூர்க்காரன்:
ஓடும் என்றே வைத்துக்கொள்வோம் அண்ணா, எங்கள் வீட்டில் யார் ஓட்டுவது? லட்சக்கணக்கில் செய்த மிஷின், கிடைக்காத பொருளும் இல்லை. கொட்டகையில் துருப்பிடிப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டேபிள் ஆனால் தினமும் நாலு பேர் கை படும், பாட்டி பொருள் எங்கள் கண் முன்னால் இருக்கும்.

பென்னாகரம் அக்கா:
ஸ்டாண்டைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஹெட் ஓட வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் அடியில் இரண்டு திருகைத் தளர்த்தினால் ஹெட் கையோடு வந்துவிடும், எதையும் அறுக்க வேண்டாம். சாதாரண மிஷின் பலகையில் அப்படியே உட்காரும். பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் தர்மபுரி கடையிலேயே கிடைக்கும், ஏனென்றால் இங்கே வந்த வீட்டு மிஷின்கள் பலவும் இதே அமைப்புதான். மோட்டார் மாட்டினால் பழசு கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் முட்டிவலியோடு பிளவுஸ் தைத்துப் பார்க்கட்டும். நான் என் பழைய மிஷினில் மோட்டார் மாட்டித்தான் தைக்கிறேன்.

காவேரிப்பட்டணம் டெய்லர்:
மோட்டார் மாட்டுங்கள் அக்கா, அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டாண்டைப் பிரித்துவிட்டால் கரண்ட் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மிதி இருந்தால் பெல்ட்டை மாற்றிப் போட்டுத் தைத்துக்கொண்டே இருக்கலாம். தம்பி, இன்னொன்று. அந்த ஸ்டாண்டு வார்ப்பிரும்பு. கிரானைட் ஏற்றி இறக்கும்போது ஒரு அடி பட்டுக் கால் விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங் நிற்காது.

ஓசூர்க்காரன்:
சரி, கிரானைட் வேண்டாம், மரப்பலகையே போடுகிறேன், துளையும் போட மாட்டேன். ஹெட்டை எடைக்குப் போடவில்லை. அக்கா, தைக்கிற யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம். ஸ்டாண்டு மட்டும் எனக்குத்தான் அண்ணா.

காவேரிப்பட்டணம் டெய்லர்:
ஹெட்டை வாங்கிக்கொள்கிறவர் மிதியும் வேண்டும் என்று கேட்டால்?