நிக்கல் பூசிய .38 தோட்டா உறைகள்: மூன்றாவது சுற்றிலேயே விரிசல் ஏன்?

கேள்வி:
டெக்சஸில் வசிக்கிறேன். என் ரிவால்வருக்கான .38 ஸ்பெஷல் தோட்டாக்களை நானே மறுநிரப்பத் தொடங்கி, அதாவது சுட்டபின் மிஞ்சும் காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் வைக்கத் தொடங்கி, ஒன்றரை வருடமாகிறது. இதுவரை வெறும் பித்தளை உறைகள்தான். சில மாதங்களுக்கு முன் சுடுதளத்தில் ஒரு பெரியவர் காபி டப்பா நிறைய நிக்கல் உறைகளைக் கொடுத்தார். எண்ணினேன், 212. புது வெள்ளிக் காசு போல இருந்தன. உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான டைக்குள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது முறை நிரப்பும்போது, குண்டைச் செருகியதும் ஓர் உறையின் வாயில் மயிரிழை அளவுக்கு விரிசல். நிறுத்திவிட்டுத் தேடினால் காலி உறைகளில் மேலும் ஏழு. என் கைத்தவறா, உறையின் குணமா? மீதியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

முதல் பதில்:
உறையின் குணம்தான் ஐயா, கலங்க வேண்டாம். நிக்கல் உறையும் உள்ளே பித்தளைதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மேலே இருக்கும் மெல்லிய பூச்சு பித்தளையைவிடக் கடினமானது, வளைந்து கொடுக்காது. நாமோ ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாயைச் சுருக்கி, விரித்து, குண்டை வைத்து மறுபடி மடக்குகிறோம். பித்தளை தாங்கும் அளவுக்கு இது தாங்காது.

இந்தப் பூச்சு நமக்காக வந்ததும் அன்று. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் தோல் பெல்ட்டின் வளையங்களில் தோட்டாக்களைச் செருகி நாள்கணக்கில் சுமந்தார்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலம் பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், புளி போட்டுத் துலக்காத செம்புக் குடத்தில் ஏறுவதைப் போல. களிம்பு ஏறிய தோட்டா ரிவால்வரின் அறைக்குள் சிக்கிக்கொள்ளும். நிக்கல் அதைத் தடுத்தது. பெல்ட்டில் கிடப்பதற்கு இதைவிட நல்ல உறை கிடையாது. பத்து முறை நிரப்புவதற்குப் பித்தளைதான்.

இருப்பதை வீணாக்க வேண்டாம். குண்டின் அடிப்பாகம் நுழையும் அளவுக்கு மட்டும் வாயை விரியுங்கள், அதற்கு மேல் ஒரு நூலும் வேண்டாம். நிரப்புமுன் நாலைந்து காலி உறைகளை உள்ளங்கையில் குலுக்கிக் கேளுங்கள். நல்லவை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது ஒன்று இருந்தாலும் ஓசை கரகரக்கும். சட்டி வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதே காதுதான். விரிசலோடு குண்டு வைத்த அந்த ஒன்றைச் சுட்டுவிடாதீர்கள்; குண்டைக் கழற்றி வெடிமருந்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பதில்:
ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மான் வேட்டைக்கு .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவை நிரப்புகிறேன். நீளம் குறைக்க நிக்கல் உறையின் வாயை வெட்டியபோது பூச்சு செதிலாக உரிந்தது. மணல்பொடி அளவுச் செதில் ஒன்று எஃகு டையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நுழைந்த ஒவ்வோர் உறையிலும் நீளக் கோடு கிழித்தது. டையைக் கழற்றி மெருகேற்ற ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. ரிவால்வர் டையில் எஃகைவிடக் கடினமான கார்பைடு வளையம் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ரைஃபிளுக்கு நான் நிக்கலைச் சேர்ப்பதையே விட்டுவிட்டேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு சமையலறை மேசையில் 204 காலி உறைகளையும் ஐந்தைந்தாகக் குலுக்கினேன். கரகரத்தவை 11. அவற்றில் ஒன்றில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தபோதுதான் வாயிலிருந்து நகக்கண் நீளத்துக்கு ஒரு கோடு கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. பதினொன்றையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். மிச்சம் 193. இன்னும் ஒரே ஒரு முறை நிரப்பி, பெல்ட்டுக்கென்று தனியாக வைக்கப்போகிறேன். சுடுதளத்துக்குப் பழைய பித்தளை.