ஆண்டு கிழிந்துபோன கச்சேரித் தாள்: உதவி தேவை

லண்டன் நேஷனல் கேலரியில் போர்க்காலத்தில் நடந்த மதியக் கச்சேரி ஒன்றின் நிகழ்ச்சித் தாள் என்னிடம் இருக்கிறது. மேல் மூலை கிழிந்து ‘மார்ச்’ மட்டும் மிச்சம். ஆண்டு தெரியவில்லை.

ஓவியங்களைப் பத்திரமாக வெளியே அனுப்பிய பிறகு, வெறும் சுவர்களுக்கு நடுவே பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 அன்று தொடங்கிய கச்சேரிகள் இவை. குண்டுவீச்சின்போது அடித்தளத்துக்கு மாறின, நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை, ஒரு ஷில்லிங் கட்டணத்தில். அதனாலேயே இந்தத் தாளை விட மனமில்லை. 1940 முதல் 1946 வரை ஏழு மார்ச் மாதங்கள் வருகின்றன.

தாளில் இருப்பது: பியானோ மைரா ஹெஸ், பாக், பீத்தோவன், ஷூமன். பழுப்புத் தாள், ஒரு பக்க அச்சு.

இணையத்தில் கிடைத்த படங்களோடு ஒப்பிட்டேன், பழைய புத்தக வியாபாரிகள் இருவரிடம் கேட்டேன், நூலகத்திலும் தேடினேன். பயனில்லை.

நாள்வாரியான கச்சேரிப் பட்டியலை இங்கிருந்தே பார்க்க வழி உண்டா?