மேடை இல்லை, கடைசிப் பேருந்து உண்டு

குழு: நம்ம வீடு

காலை 6:10

சித்தப்பா: [காலை வணக்கம் படம்]
சித்தப்பா: [காலை வணக்கம் படம்]
அத்தை: ஒரே படத்தை எதற்கடா இரண்டு தடவை போடுகிறாய்?
சித்தப்பா: ஒன்று உனக்கு, ஒன்று அண்ணனுக்கு.

காலை 7:02

நான்: எல்லாருக்கும் ஒரு செய்தி. எங்கள் பள்ளியில் நாடகம், பாட்டு, நடனம் எல்லாம் சேர்த்து ஒரு கலைப் பிரிவு தொடங்கப் போகிறார்கள். பொறுப்பு என் தலையில் 🙄
சித்தப்பா: அறிவியல் டீச்சருக்கு நாடகமா!
நான்: "நீங்கள்தான் மைக் இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி பேசுகிறீர்கள்" என்றார்கள். அதுதான் தகுதியாம்.
தம்பி: அது உண்மைதான் அக்கா. போனில் பேசும்போது நான் ஸ்பீக்கரே போடுவதில்லை.
பெரியப்பா: அம்மாடி, வாழ்த்துகள். முதலில் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்.
நான்: அரங்கம் இல்லை, மேடை இல்லை. ஒரு கூடம் இருக்கிறது, பாதி இடத்தை உடைந்த பெஞ்சுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இசைக் கருவி ஒன்றும் கிடையாது. பிள்ளைகளும் குறைவு. ஓட்டப்பந்தயத்துக்கும் வினாடி வினாவுக்கும் அதே முகங்கள்தான். பள்ளி விட்டதும் பாதிப் பேர் கடைசிப் பேருந்துக்கு ஓடிவிடுவார்கள். அறுவடைக் காலத்தில் வருகையே குறைந்துவிடும்.
தம்பி: அப்புறம் ஒத்திகை எப்போது?
நான்: அதைத்தான் இரவெல்லாம் யோசித்தேன்.
சித்தப்பா: எதற்கு இவ்வளவு யோசனை? ஆண்டு விழாவுக்கு நாலு சினிமாப் பாட்டு, வாடகைக்குப் பளபள உடை, பெரிய ஸ்பீக்கர். முடிந்தது.
பெரியப்பா: அப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது. நான் தலைமையாசிரியராக இருந்தபோதும் பார்த்தேன். மூன்று வாரம் பாடம் போகும், ஏற்கெனவே ஆடத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஆடுவார்கள், கைதட்டல் கிடைக்கும். மறுநாள் காலையில் பள்ளியில் அதன் சுவடே இருக்காது. அதற்குப் பெயர் நிகழ்ச்சி. உன்னிடம் கேட்டிருப்பது பிரிவு.
சித்தப்பா: அண்ணன் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார் 🙏
பெரியப்பா: பள்ளி நேரத்துக்குள் வாரம் ஒரு பாடவேளை கேள், முடிந்தால் தொடர்ச்சியாக இரண்டு. கால அட்டவணையில் அச்சில் வர வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் முதல் தேர்வு வரும்போதே கணக்கு வாத்தியார் அந்த வேளையை எடுத்துக்கொள்வார். மாலையில் மட்டும் வைக்காதே. மாலையில் வைத்தால் பள்ளிக்கு அருகில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் கலை என்று ஆகிவிடும்.
நான்: இது எனக்குத் தோன்றவே இல்லை பெரியப்பா. மதிய இடைவேளையில் வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.
அத்தை: சாப்பிட்ட உடனே பாட வைக்காதே கண்ணு. மூச்சு நிற்காது.

காலை 8:40

அண்ணி: இப்போதுதான் பார்த்தேன். மேடை இல்லை என்று கவலைப்படாதே. பாதல் சர்க்கார் பெயர் கேள்விப்பட்டிருக்கிறாயா? கொல்கத்தாக்காரர். நகர்த் திட்ட வேலையில் இருந்தவர். 1970களில் மேடை, திரை, விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அறைக்குள்ளும் திறந்த வெளியிலும் பார்வையாளர்களுக்கு நடுவில் நாடகம் போட்டார். மூன்றாம் அரங்கு என்று பெயர். நடிகரின் உடம்பு, குரல், பார்ப்பவர்கள். வேறு எதுவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.
தம்பி: அப்படியென்றால் என்னை மாதிரி மேடைக்கு விளக்கு போடுகிறவனுக்கு வேலை இல்லை 😒
அண்ணி: தெருக்கூத்து மட்டும் என்ன தம்பி? தரையில்தான் ஆடுகிறார்கள். திரையை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் வரும் கட்டியங்காரன்தான் பள்ளி நாடகத்துக்கு ரொம்ப உதவும் ஆள். கதையைச் சொல்வான், பாத்திரங்களை அறிமுகம் செய்வான், கேலி செய்வான், இடம் மாறியதை ஒரு வரியில் சொல்லிவிடுவான். அவன் இருந்தால் காட்சி அமைப்பே தேவையில்லை. வசனம் மறந்தாலும் புகுந்து சமாளித்துவிடுவான்.
சித்தப்பா: அந்த வேடம் எனக்கு.
அத்தை: உனக்கு அது வேடமா?
நான்: 😂😂
நான்: அண்ணி, நடிகர்கள் விஷயம்தான் பயமாக இருக்கிறது. ராஜா வேடம் போடுகிற பையன் அறுவடைக்குப் போய்விட்டால்?
அண்ணி: ராஜாவை நம்பி நாடகம் எழுதாதே. கூட்டமாகச் சொல்லும் நாடகமாக எடு. பத்துப் பேரும் எப்போதும் களத்தில் இருப்பார்கள். ஒரு துண்டைத் தலையில் கட்டுகிறவன் அந்தக் காட்சிக்கு ராஜா, அடுத்த காட்சியில் துண்டு வேறு தலைக்குப் போகும். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு பேராவது படித்திருக்க வேண்டும். அப்போது ஒருவர் வராவிட்டாலும் ஒத்திகை நிற்காது. நாயகன், நாயகி, மற்றவர்கள் எல்லாம் மரம் என்று பிரித்தால், மரமாக நிற்கிற பிள்ளை மூன்றாவது வாரமே வராது.
குட்டி: சித்தி, நான் மூணாம் வகுப்புல மரமா நின்னேன். அதோட நாடகமே வேண்டாம்னு விட்டுட்டேன்.
அண்ணி: பார்த்தாயா!

காலை 10:15

நான்: இடைவேளை. வேகமாகக் கேட்கிறேன். முதல் நாள் என்ன செய்வது? நாடகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா?
அண்ணி: வேண்டாம். காகிதத்தைக் கையில் கொடுத்தால் எல்லாரும் வாசிப்புப் பாடம் மாதிரி ஒப்பிப்பார்கள், அந்த ராகம் கடைசி வரை போகாது. விளையாட்டில் தொடங்கு. அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்று ஓர் அம்மா, சிகாகோவில் வேறு வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்க விளையாட்டுகளை உருவாக்கினார். மொழி தடையாக இருந்த இடத்தில் விளையாட்டு வேலை செய்தது. 1963-இல் புத்தகமாகவும் போட்டார். உதாரணத்துக்கு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று கண்ணாடி மாதிரி ஒருவர் அசைவை மற்றவர் செய்வது. யார் தொடங்குகிறார், யார் பின்பற்றுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. கூச்சம் அதிலேயே பாதி போய்விடும்.
அத்தை: விளையாட்டு சரி. ஆனால் சுருதியும் தாளமும் முதலிலேயே உட்கார வேண்டும். அடிப்படை இல்லாமல் எதைக் கட்டினாலும் ஆடும்.
அண்ணி: அத்தை, அடிப்படைக்கே ஒரு வருடம் போய்விட்டால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.
அத்தை: ஒரு வருடம் யார் சொன்னது? வாரம் பத்து நிமிடம். கருவி இல்லை என்கிறாளே, வாய் இருக்கிறதே! மூன்றுக்கு "தகிட", நான்குக்கு "தகதிமி", ஐந்துக்கு "தகதகிட". வகுப்பை இரண்டாகப் பிரி. ஒரு பாதி தகிட, மறு பாதி தகதிமி, ஒரே வேகத்தில். முதலில் மோதும், இரைச்சலாக இருக்கும், பன்னிரண்டு எண்ணி முடித்ததும் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார், சொல்கிறேன்.
நான்: மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு! கணக்கு வாத்தியாரையும் இழுத்துவிடலாம் 😀
பெரியப்பா: பாடவேளை கேட்கும்போது இதையே சொல்.
அத்தை: இன்னொன்று கண்ணு. குரல் உடைகிற வயதுப் பையன்களைப் பாட வராது என்று ஒதுக்கிவிடாதே. பலர் வாழ்நாள் முழுவதும் வாய் திறக்காமல் போவது இதனால்தான். குரல் நாண் நீண்டு தடிக்கிற வயது அது. பழைய சுருதியில் பாடச் சொன்னால் கீச்சென்று போகும், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஐந்தாறு சுரத்துக்குள் அடங்குகிற மெட்டாகக் கொடு, சுருதியை அவனுக்கு ஏற்றபடி இறக்கு. அன்றைக்கு அதுவும் முடியவில்லை என்றால் தாளச் சொற்களை அவன் சொல்லட்டும்.
நான்: இதை நட்சத்திரம் போட்டு வைத்துக்கொண்டேன் அத்தை ⭐
சித்தப்பா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]
அத்தை: என்னடா அழித்தாய்?
சித்தப்பா: பாடிக் காட்டினேன். சுருதி சரியில்லை.

மதியம் 1:20

தம்பி: அக்கா, விளக்கு விஷயத்துக்கு வருவோம். யாராவது பழைய ஆலசன் விளக்கு இலவசமாகத் தருகிறேன் என்றால் வாங்காதே. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலே கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நாலு போட்டால் 17 ஆம்பியர் தாண்டும். வகுப்பறைக்குப் போட்ட ஒயரிங் அதைத் தாங்காது. கண்ணாடியும் தொட்டால் கை பொசுங்கும் சூடு. வாங்குவதானால் சின்ன எல்இடி பார் (PAR) விளக்கு, ஒளியைக் குவித்து அடிக்கிற மேடை விளக்கு அது.
குட்டி: மாமா, எத்தனை வேணும்?
தம்பி: தொடக்கத்துக்கு நாலு போதும். நடிகரின் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் 45 பாகையில், மேலிருந்து. ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சள், மறு பக்கம் கொஞ்சம் நீலம் சாய்ந்த வெள்ளை. யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளி கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் எழுதிவைத்த முறை, இன்றும் அதில்தான் தொடங்குகிறோம். நேருக்கு நேர் ஒரே விளக்கை அடித்தால் முகம் தட்டையாகிவிடும், மூக்கே தெரியாது.
நான்: இந்த வருடம் நாலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.
தம்பி: அப்போ பகலில் போடு! ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் 1599-இல் கட்டியது. கூரை நடுவில் திறந்திருக்கும், பிற்பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். பேருந்துக்கும் நேரம் இருக்கும்.
நான்: மைக்?
தம்பி: நாலு பிள்ளைக்கு ஒரு மைக் என்று கொடுத்தால் மைக்கைச் சுற்றித்தான் நாடகம் நடக்கும். ஒருவர் பேசி முடித்து அடுத்தவருக்கு நீட்டுவதைப் பார்த்திருப்பாய். வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அதனால் பார்ப்பவர்களை அரைவட்டமாக, கிட்டே உட்கார வை. நடிப்பவர்களுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கட்டும், பின்பக்கம் போகிற குரலையும் அது முன்னால் தள்ளும்.
சித்தப்பா: பெரிய ஸ்பீக்கர் இல்லாத விழாவா? யார் வருவார்கள்?
தம்பி: சித்தப்பா, பிள்ளைகளின் அப்பா அம்மா வந்தால் போதாதா?

மாலை 5:05

குட்டி: சித்தி, எனக்கு மேடையில நிக்கவே பிடிக்காது. ஆனா எல்லாத்தையும் பின்னாடி நின்னு நடத்தணும்னு ஆசை. அதுக்கு இடம் இருக்கா?
அண்ணி: இருக்கிறது. சொல்லப்போனால் அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மேடை மேலாளர் என்று பெயர். நாடகப் பிரதியில் யார் எப்போது உள்ளே வர வேண்டும், எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் எல்லாம் அவர் கையில்தான். நிகழ்ச்சி தொடங்கியதும் இயக்குநர் சொல்வதுகூட எடுபடாது, மேலாளர் சொல்வதுதான்.
குட்டி: 😍😍 சித்தி, என்னை உங்க ஸ்கூலுக்கு மாத்திடுங்க
நான்: உன் அம்மாவிடம் நீயே கேள்.
பெரியப்பா: இது முக்கியமான விஷயம். சில வீடுகளில் பெண் பிள்ளைகளை ஆட, நடிக்க விட மாட்டார்கள். வாதாடிப் பயனில்லை. ஒத்திகை நடக்கும் நாளில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வை, மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அந்தப் பிள்ளைக்கு முதலில் பின்னணி வேலை கொடு. தேர்வு எழுதும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதுதான் சரி, சுமை குறைவு.
நான்: சரி பெரியப்பா. எந்தக் கதையை எடுக்கலாம்?
பெரியப்பா: வெளியாள் எழுதியதை எடுத்தால் உரிமையைப் பார்த்துக்கொள். இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு, பல நாடுகளில் 70. பள்ளிக்குள் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வெளியே கொண்டுபோனாலோ யூடியூபில் போட்டாலோ கதை வேறு.
அண்ணி: என்னைக் கேட்டால் பிள்ளைகளையே எழுதச் சொல். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் ஒரு முறை வைத்தார், விவாத அரங்கு. ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள், மோசமாகவே முடியும். இரண்டாம் தடவை நடிக்கும்போது பார்ப்பவர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, அந்தப் பாத்திரமாக வேறு மாதிரி செய்து பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சிக்கல்?
நான்: பேருந்து 😅 வராத நாளில் என்ன ஆகிறது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது.
அண்ணி: கிடைத்துவிட்டதே நாடகம்! நான்கைந்து காட்சி, மொத்தம் 15 நிமிடம். அதற்கு மேல் முதல் வருடம் ஆசைப்படாதே. ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்று நாடகக்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். வாரம் இரண்டு பாடவேளையில் அதுவே கிட்டத்தட்ட மூன்று மாதம்.
சித்தப்பா: 15 நிமிடத்துக்கு மூன்று மாதமா!
அத்தை: நீ ஒரு பாட்டுக்கு வருடம் பூராவும் எடுத்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா?
பெரியப்பா: அம்மாடி, இன்னும் ஒன்று. இன்றே ஒரு பதிவேடு தொடங்கு. எந்த வாரம் என்ன செய்தீர்கள், எது எடுபட்டது, எந்தப் பொருள் யாரிடம் என்று எழுது. இன்னோர் ஆசிரியரையும் கூடவே வைத்துக்கொள், பாதி வேளை அவரே நடத்தட்டும். உனக்கு மாறுதல் வந்தால் அந்த நோட்டும் அவரும்தான் மிச்சம். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்கு விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கும்படியும் பழக்கு.
நான்: கணக்கு வாத்தியாரையே கேட்கிறேன். தகிட தகதிமிக்கு விழுந்துவிடுவார். நாளை காலை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன், கையில் ஒரு பக்கக் கடிதம், கேட்பது மூன்றே: இரண்டு பாடவேளை, கூடத்திலிருந்து பெஞ்சுகளை அப்புறப்படுத்துவது, இன்னோர் ஆசிரியர்.
பெரியப்பா: நன்று. கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கு.

இரவு 8:30

தம்பி: அக்கா, அந்தச் சுவர் எந்தப் பக்கம்? மாடிக் கட்டடமா?
நான்: ஒரு மாடி. முன்பக்கம் கிழக்கு பார்த்தது, அங்கேதான் திடல்.
தம்பி: அப்போ சரி. மூன்று மணிக்கு மேல் வெயில் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், நிழல் உங்கள் பக்கம் விழும். ஒரு நாள் மூன்று மணிக்கு அந்த நிழலின் விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டு வை, அதற்குள்ளேதான் ஆட்டமும் ஆட்களும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?
நான்: 4:40.
தம்பி: அப்போ சரியாக மூன்றரைக்குத் தொடங்கு. சிறப்பு விருந்தினர் பேச்சு இருந்தால் நாடகம் முடிந்த பிறகு.
சித்தப்பா: சிறப்பு விருந்தினர் நான்தானே?
அத்தை: பேசாமல் உட்காருவதானால்.