ஃபார்ம் ஃபேக்டர்: ‘வடிவக் காரணி’ வேண்டாம் என்றால் வேறென்ன?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்புக்கு உதிரிகள் தேர்ந்தெடுக்கும் கையேட்டின் தமிழ் வரைவில் ஃபார்ம் ஃபேக்டருக்கு, அதாவது ஓர் உதிரியின் அளவும் துளைகளும் எந்த வகை என்று சொல்லும் பெயருக்கு, மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. மதர்போர்டு, கேபினட் (வெளிப்பெட்டி), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), எஸ்எஸ்டி, ரேம் என எல்லா அதிகாரங்களிலும் அது வருகிறது. ‘வடிவக் காரணி’ என்று போட்டுவிட்டுப் போகலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் காரணி என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த 12-இன் காரணிகள் நினைவுக்கு வரும். இல்லையென்றால் ஏதோ ஒரு விளைவை உண்டாக்குவது என்று தோன்றும். ஏடிஎக்ஸ் போன்ற மதர்போர்டு வகை இரண்டும் அல்ல.

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். ஏடிஎக்ஸ் என்பது 1995-இல் இன்டெல் வெளியிட்ட வரையறை. மதர்போர்டுப் பலகை 305 × 244 மி.மீ. இருக்க வேண்டும், திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில் வர வேண்டும், யுஎஸ்பி முதலியவை வெளியே தெரியும் பின்பக்கத் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. இருக்க வேண்டும், விரிவாக்க அட்டைகளின் இடைவெளி 20.32 மி.மீ. என்றெல்லாம் அது சொல்கிறது. 1997-இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பின்னால் வந்த இரண்டும் ஏடிஎக்ஸின் பின்பக்கத் திறப்பை அப்படியே வைத்துக்கொண்டன. மினி ஐடிஎக்ஸின் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் துளைகளின் இடத்திலேயே விழும். அதனால்தான் சிறிய பலகையைப் பெரிய கேபினட்டில் பூட்ட முடிகிறது.

ஆக, இது வெறும் வடிவம் இல்லை. ‘எதனுள் எது உட்காரும்’ என்ற உடன்படிக்கை. என் பரிந்துரை: பொருந்தளவு.

ம. எழுதியது:

செ. ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் ஆபத்தானது. ‘பொருந்தளவு ஒன்றுதான்’ என்று படிப்பவர் ‘அப்படியானால் வேலை செய்யும்’ என்று முடிவு கட்டிவிடுவார். உதிரி வாங்குவதில் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பலகையிலேயே நேராகச் செருகும் எம்.2 2280 எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதுதான் 2280. இந்த ஒரே உருவில் சாட்டா வகையும் உண்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் வழியே பேசும் என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா வகையில் வழக்கமாக விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருப்பதால் அது என்விஎம்இ துளையிலும் (ஸ்லாட்) தாராளமாக உட்காரும், திருகும் பிடிக்கும். அந்தத் துளைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களை மட்டும் இழுத்திருந்தால் பயாஸில் டிரைவ் கண்ணில் படாது. எஸ்எஸ்டி கெட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். அதில் பழுதே இருக்காது.

ப்ராசசரிலும் இதே கதை. எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைகள் வந்தன. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகள்தான். ஆனால் அதை 200 வரிசை சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள பலகையில் வைத்தால் கணினி எழும்பாது, 300 வரிசைப் பலகை வேண்டும். இதற்கு நேர்மாறானது ரேம்: டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறைகளும் 133.35 மி.மீ. நீளம், இரண்டுக்கும் 288 தொடுமுனைகள். நடுவெட்டின் இடம் மட்டும் மாறியிருப்பதால் ஒன்றின் துளையில் மற்றது இறங்காது. அழுத்திப் பார்ப்பவர் துளையை உடைப்பார்.

எனவே நமக்கு வேண்டியது உடலை மட்டும் சொல்லும் சொல். மின்சார, மென்பொருள் ஒத்துழைப்புக்கு ‘ஒத்திசைவு’ தனியே இருக்கட்டும். கையேட்டு அட்டவணையிலும் இரண்டும் தனித்தனிப் பத்திகளாக வேண்டும்.

யா. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம். ம. அண்ணை சொல்வதை ஏற்கிறேன். நான் மூன்று சொற்களை முன்வைக்கிறேன். முதலாவது ‘கட்டளை’. செங்கல் அறுக்கிற அச்சுக்குப் பழைய பெயர் அது, கருத்து மிகச் சரி. இரண்டாவது ‘அச்சு’. மூன்றாவது ‘உருவரை’, அதாவது உரு வரையறுக்கப்பட்டது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது பவர் சப்ளைக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஏடிஎக்ஸ் என்ற ஒரே பெயர் போட்டுக்கும் (மதர்போர்டு) இருக்கிறது, பவர் சப்ளைக்கும் (நீங்கள் சொல்லும் எஸ்எம்பிஎஸ்) இருக்கிறது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மில்லிமீற்றர் அகலம், 86 உயரம். ஆழம் 140-இல் தொடங்கி 180-ஐயும் தாண்டும். சிறிய வகையான எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100. எஸ்எஃப்எக்ஸ்-எல் அதே முகம், ஆழம் மட்டும் 130. ‘மினி ஐடிஎக்ஸ் கேசிங் (கேபினட்)’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது போட்டைத்தான் சொல்கிறது. பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸா ஏடிஎக்ஸா என்று தனியே கேட்க வேண்டும். எஸ்எஃப்எக்ஸை ஏடிஎக்ஸ் வாசலில் ஒரு தகடு போட்டுப் பூட்டலாம், மறுபக்கம் நடக்காது. தகடு போட்டாலும் இன்னொரு சிக்கல்: எஸ்எஃப்எக்ஸ் வயர்கள் கட்டை. உயரமான கேசிங்கில் பவர் சப்ளை அடியில் இருக்க, ப்ராசசருக்கான 8 முனை வயர் போட்டின் மேல்மூலை வரை எட்டாது.

செ. எழுதியது:

யா. அவர்களுக்கு நன்றி. ‘கட்டளை’ எனக்கும் பிடித்ததுதான், ஆனால் கணினியில் அந்த இடம் போய்விட்டது. கட்டளை வரி, கட்டளைச் சாளரம் என்று எழுதிப் பழகியவர்களிடம் ‘மினி ஐடிஎக்ஸ் கட்டளை’ என்றால் எங்கே தட்டச்சு செய்வது என்று கேட்பார்கள். ‘அச்சு’ பிரின்டருக்கும் சுழலச்சுக்கும் போய்விட்டது. ‘உருவரை’ தனியாக நின்றால் நன்று. வாக்கியத்தில் வைத்தால் ‘உரு வரை’ என்று பிரிகிறது: “பலகையின் உருவரை பார்க்கவும்”. எதுவரை பார்ப்பது? ‘உருவரையை’, ‘உருவரைக்கு’ என்று உருபேற்றினாலும் நாக்கு இடறுகிறது.

‘பொருந்தளவு’ சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ம. சொன்ன எம்.2 எடுத்துக்காட்டு ஒன்றே போதும்.

ந. எழுதியது:

‘கட்டளவு’ எப்படி? ஆளின் உருவத்தை உடற்கட்டு என்கிறோம், வீட்டின் அமைப்பையும் கட்டு என்கிறோம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. கட்டு + அளவு. ‘வேலை செய்யும்’ என்ற வாக்குறுதி இதில் இல்லை, உடம்பின் அளவோடு நின்றுவிடுகிறது.

சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது:

“இந்தக் கேபினட் மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் கட்டளவுப் பலகைகளை ஏற்கும்.”

“எஸ்எஃப்எக்ஸ் கட்டளவில் 750 வாட் எஸ்எம்பிஎஸ் கிடைக்கும்.”

“சிறு கட்டளவுக் கணினியில் விரிவாக்கத் துளை ஒன்றுதான்.”

“இரண்டு எஸ்எஸ்டியும் ஒரே கட்டளவு, ஆனால் இடைமுகம் வேறு.”

கடைசி வாக்கியத்தை ‘வடிவக் காரணி’ போட்டு வாசித்துப் பாருங்கள்.

ம. எழுதியது:

ந. அக்கா, எனக்குச் சம்மதம், ஒரு தடையோடு. ‘அளவு’ என்றதும் டேப் வைத்து அளக்கத் தோன்றும். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் 3.5 அங்குலம் வராது. அகலம் 101.6 மி.மீ., அதாவது 4 அங்குலம். 3.5 அங்குல ஃப்ளாப்பி டிரைவுக்கான இடத்தில் இது உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 2.5 அங்குல எஸ்எஸ்டியின் அகலமும் 69.85 மி.மீ., அங்குலத்தில் 2.75. அதன் தடிமன் பெரும்பாலும் 7 மி.மீ.; பழைய மடிக்கணினி டிஸ்க்குகள் 9.5. கட்டளவு 2.5 அங்குலம் என்று எழுதினால் அது பொய் அளவு ஆகாதா?

ந. எழுதியது:

எட்டாம் நம்பர் செருப்பில் எட்டு என்று எதையும் அளக்க முடியாது. ஆனாலும் ‘செருப்பு அளவு எட்டு’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். தமிழில் அளவு என்பது வகையின் பெயராகவும் நிற்கும். குழப்பம் வருமென்றால் முதல் முறை வரும் இடத்தில் உண்மை அளவை மில்லிமீட்டரில் போட்டுவிடுங்கள். ஏடிஎக்ஸைவிடப் பெரிய இ-ஏடிஎக்ஸுக்கு எப்படியும் அது தேவைப்படும்.

ம. எழுதியது:

உண்மைதான். இ-ஏடிஎக்ஸ் என்றால் 305 × 330 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பல பலகைகள் 305 × 277 அளவிலேயே அந்தப் பெயரோடு வருகின்றன. கேபினட் பெட்டியில் ‘இ-ஏடிஎக்ஸ் ஏற்கும்’ என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘277 மி.மீ. வரை’ என்றிருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் கணக்கு.

தடையை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் கட்டளவு ஒன்றை வைத்துக் கேபினட் வாங்க முடியாது என்பதையும் அதே அதிகாரத்தில் சொல்லியாக வேண்டும். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் கிளியரன்ஸுக்கு ‘இடவரம்பு’ என்று எழுதியிருக்கிறேன், மாற்றுக் கருத்திருந்தால் சொல்லுங்கள். மூன்று இடவரம்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது கிராஃபிக்ஸ் கார்டின் நீளம். கேபினட் 330 மி.மீ. என்று சொல்லும். முன்பக்கத்தில் நீர்க்குளிர்விப்பு ரேடியேட்டர் வைத்தால் ரேடியேட்டர் 27, விசிறி 25, ஆக 52 போய் 278 மிஞ்சும். 285 மி.மீ. கார்டு உள்ளே போகாது. அறிவித்த எண் முன்விசிறியைக் கழித்ததா கழிக்காததா என்பதை நிறுவனத்தின் பக்கத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும்.

இரண்டாவது ப்ராசசர் கூலரின் உயரம். 120 மி.மீ. விசிறி வைத்த கோபுரக் கூலர்கள் ஏறத்தாழ 155 முதல் 160 மி.மீ. வரும். கேபினட் வரம்பு 160 என்றால் நூலிழையில் தப்பிக்கும். வெப்பத்தகடு இல்லாத ரேம் 31 மி.மீ. சொச்சம், விளக்கு வைத்தவை 40-ஐத் தாண்டும். ரேமின் மேல் விசிறி இடித்தால் விசிறியைக் கொஞ்சம் ஏற்றி மாட்டுவார்கள். ஏற்றிய அளவு கூலரின் உயரத்தோடு சேரும், பக்கக் கதவு மூடாது.

மூன்றாவதைப் பலர் மறக்கிறார்கள்: கார்டின் அகலம். புதிய 16 முனை மின் இணைப்பை வாயிலேயே மடக்கக்கூடாது. இணைப்பியிலிருந்து 35 மி.மீ. நேராக விட்டு அப்புறம் வளைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு வயரை அழுத்தினால் முனைகள் சரியாகத் தொடாமல் சூடேறி, இணைப்பி உருகும் வாய்ப்பு உண்டு.

யா. எழுதியது:

இடவரம்பு நல்ல சொல், இங்கேயும் விளங்கும். கட்டளவுக்கும் என் வாக்கு. ஒரு கிளைச்சொல் தேவை. பாவித்த அலுவலகக் கணினிகளை வாங்கி, போட்டை மட்டும் மாற்றலாம் என்று எண்ணுகிறவர்கள் பலர். பெரிய நிறுவனங்களின் சில மாடல்களில் போட் மைக்ரோ ஏடிஎக்ஸ் போலவே தெரியும். ஆனால் துளைகள் வேறு இடத்தில் இருக்கும், பின்பக்கத் தகடு கேசிங்கோடு சேர்ந்தே வந்திருக்கும், பவர் சப்ளையில் 24 முனை இணைப்பு இராது. முன்பக்க சுவிட்ச் வயர்கூடத் தனி மாதிரி. அந்தக் கேசிங்கில் கடைப் போட்டைப் பூட்ட முடியாது. இவற்றைத் ‘தனிக் கட்டளவு’ என்று குறிக்கலாமா? மற்றவை ‘பொதுக் கட்டளவு’.

செ. எழுதியது:

தனிக் கட்டளவு சரி. கையேட்டில் இப்படிப் பதிவு செய்கிறேன்:

கட்டளவு: ஓர் உதிரியின் வெளியளவு, திருகுத் துளைகளின் இடம், இணைப்பிகளின் இடம் ஆகியவற்றை வரையறுத்த வகை. ஒத்திசைவைக் குறிக்காது.

கடைக்குப் போகிறவருக்கு இது போதாது என்பது தெரியும். சென்னையில் கணினி உதிரிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய் ‘கட்டளவு என்ன’ என்றால் கடைக்காரர் முழிப்பார். எனவே தலைப்பிலும் அட்டவணையிலும் கட்டளவு; கடையில் கேட்கும் கேள்விகளில் ‘மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு’, ‘எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்’ என்று புழக்கத்தில் உள்ளபடியே. இலங்கைப் பதிப்பில் கேபினட்டுக்குக் கேசிங், எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பவர் சப்ளை.

அடுத்த சொல் ஸ்டாண்டாஃப். பலகைக்கும் கேபினட் தகட்டுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பித்தளைத் துண்டு.

ம. எழுதியது:

‘தாங்குகால்’. செய்முறையையும் இப்போதே எழுதித் தருகிறேன். கேபினட்டில் பெரும்பாலும் ஏடிஎக்ஸ் இடங்களில் தாங்குகால்கள் முன்பே திருகியிருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் அல்லது மினி ஐடிஎக்ஸ் பலகையை முதலில் திருகாமல் மேலே வைத்துப் பார்த்து, துளை இல்லாத இடத்தில் நிற்கும் தாங்குகாலைக் கழற்றிவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் அது பலகையின் அடியில் உள்ள ஈயப்பற்றுகளைத் தொட்டுக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும். சுவிட்சை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், அல்லது எதுவுமே நடக்காது. திருகுகளிலும் இரண்டு மரை உண்டு: 6-32, எம்3. கையால் இரண்டு சுற்று இறங்காத திருகை ஸ்க்ரூடிரைவரால் முறுக்க வேண்டாம். மரை போனால் அடுத்த முறை பலகையைக் கழற்றும்போது திருகோடு தாங்குகாலும் சேர்ந்து சுற்றும், பிரிக்கவே முடியாது.

ந. எழுதியது:

தாங்குகால் சரி. ‘ஈயப்பற்று’ என்பதைப் ‘பற்றவைப்புப் புள்ளி’ என்று மாற்றிவிடுங்கள், இப்போது வரும் பலகைகளில் ஈயம் இல்லை.