மேட்டில் ஆட்டோமேட்டிக் வண்டியை எடுக்க ஒரு காலா, இரண்டு காலா?

ரேம்ப்வாசி:
பதினெட்டு வருடம் கிளட்ச் மிதித்தவன் நான். போன மாதம்தான் கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று பழையதாக வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் பார்க்கிங் அடித்தளத்தில். ஏறி வந்து, சாலைக்கு முன்னால் சரிவிலேயே நின்று காத்திருக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி அரை அடி பின்னால் உருள்கிறது. பின்னால் எப்போதும் யாராவது ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேட்டில் உருளாமல் வண்டியைச் சில நொடி பிடித்துவைக்கும் ஹில் ஹோல்டு வசதி கிடையாது. இடது காலைப் பிரேக்கில் வைத்துக்கொள் என்கிறான் மைத்துனன். செய்யலாமா?

கொல்லிமலையான்:
தாராளமாக. இடது கால் சும்மாதானே இருக்கிறது? வலது காலால் லேசாகக் கொடுங்கள், வண்டி இழுக்கும்போது இடது காலைத் தளர்த்துங்கள். ஓர் அங்குலம்கூட உருளாது. எங்கள் மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் இப்படித்தான் எடுக்கிறேன்.

பழைய மெக்கானிக்:
உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் வண்டியாக இருக்கும். அதில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய்தான் வேலை செய்கிறது. ஏஎம்டி அப்படியல்ல. உள்ளே இருப்பது நாம் மிதித்துப் பழகிய அதே கிளட்ச் தட்டு. மிதிக்கிற வேலையை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் ஒன்று தட்டு உரசிக் கருகும், இல்லையென்றால் பிரேக் அழுந்தியிருப்பதைப் பார்த்துக் கணினி கிளட்சைப் பிரித்தே வைத்திருக்கும். இன்ஜின் மட்டும் கத்தும்.

ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அப்போது விடுங்கள். ஆக்சிலரேட்டரிலேயே மேட்டில் நிறுத்தி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கொல்லிமலையான்:
சரி, டார்க் கன்வெர்ட்டர்தான். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் யார் ஹேண்ட்பிரேக் இழுப்பது? அப்புறம் ஆட்டோமேட்டிக் எதற்கு?

சந்தேகப்பிராணி:
இரண்டு கால் ஆபத்து என்பதற்கு வரலாறே உண்டு. 1986 இல் அமெரிக்காவில் ஆடி 5000 வண்டி தானாகவே பாய்கிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிரேக் என்று நினைத்து ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததே முக்கியக் காரணம் என்றது 1989 இல் வந்த அரசு ஆய்வு.

கொல்லிமலையான்:
ஐயா, அது என் கட்சிக்குச் சாட்சி! ஒரே கால் இரண்டு பெடலுக்கும் அலைந்ததால் வந்த குழப்பம் அது. காலுக்கு ஒரு பெடல் என்றால் எப்படி மாறும்?

சந்தேகப்பிராணி:
மாறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதற்றத்தில் இரண்டு காலும் சேர்ந்து அழுந்தும். அதுவும் பதினெட்டு வருடம் கிளட்சைத் தரைவரை மிதித்த கால்.

ரேம்ப்வாசி:
காலி மைதானத்தில் இரண்டு காலில் ஓட்டிப் பார்த்தேன். இடது கால் பழக்க தோஷத்தில் பிரேக்கை ஒரே மிதி. பின்சீட்டில் இருந்த மாவுத் தூக்கு முன்சீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய மெக்கானிக்:
ஹேண்ட்பிரேக் கேபிளையும் பார்த்துவிடுங்கள் தம்பி. பல ஏஎம்டி வண்டிகளில் நிறுத்தும்போது சக்கரத்தைப் பூட்டும் 'பி' நிலை கிடையாது. கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை நம்பித்தான் நிறுத்துகிறோம். தளர்ந்திருந்தால் மேட்டில் பிடிக்காது.

ரேம்ப்வாசி:
பார்த்தேன், தளர்ந்துதான் இருந்தது. இறுக்கியாயிற்று. இன்று காலை துளியும் உருளவில்லை. இருந்தாலும் இப்போதெல்லாம் சரிவின் அடியிலேயே நின்று, வாட்ச்மேன் கை காட்டிய பிறகு ஒரே மூச்சில் ஏறிவிடுகிறேன்.

கொல்லிமலையான்:
ஆக, மூன்றாவது கால் வாட்ச்மேனுடையதா?